கயிறு வைத்த முதல் பெட்டி

வீட்டிலேயே கேம் பெட்டி செய்கிற பையன்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் கிளம்பியிருக்கிறார்கள். நல்லதுதான். பலகை கடையில் கிடைக்கிறது. உள்ளங்கை அகலத்தில் கம்ப்யூட்டர் போர்டு கிடைக்கிறது. பட்டனும் ஜாய்ஸ்டிக்கும் கூரியரில் வீடு தேடி வருகின்றன. மாட்டிக்கொண்டால் மட்டும் என்னைத் தேடி வருகிறார்கள். தூத்துக்குடியில் பாதி ஆயுளைக் கேம் மெஷின்களின் வயிற்றுக்குள் தலையை விட்டே கழித்தவன் நான் என்று எவனோ சொல்லி வைத்திருக்கிறான். ரிடையர் ஆன மனுஷனுக்கு வேறு என்ன சோலி என்று ஒரு நினைப்பு அவர்களுக்கு. கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், திட்டிக்கொண்டே.

ஒரு கேள்விக்கு மட்டும் இதுவரை நழுவி வந்திருக்கிறேன். "அண்ணாச்சி, நீங்க மொதல்ல செஞ்சது கயிறு வச்ச பெட்டியாமே. பெறவு செஞ்ச ஒண்ணுலயும் ஏன் கயிறு வைக்கல? அந்தப் படத்தக் குடுங்களேன், நாங்க செஞ்சு பாக்கோம்" என்கிறார்கள். படம் என்னிடம் இல்லை. இருந்தாலும் கொடுக்க மாட்டேன். ஏன் என்று ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

என் கதை சுருக்கம்தான். சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தேன். டி.வி. ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தேன். பிறகு திருவிழாப் பொருட்காட்சிகளில் வீடியோ கேம் ஸ்டால் போடுகிறவர்களோடு ஊர் ஊராகச் சுற்றினேன். மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை தூத்துக்குடி வந்தபோது சுலைமான் காக்கா என்னைப் பிடித்துப் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் வேலை என்றால் காக்காவின் கேம் கடை, முதலாளி என்றால் காக்கா. ரிடையர் ஆகும் வரைக்கும் அப்படித்தான்.

சுலைமான் காக்கா காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊர்ப் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். துபாயில் ஒரு பெரிய கேம் ஹாலில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இங்கே பீச் ரோட்டில் கடலைப் பார்த்தபடி கடை போட்டவர். எந்த மெஷினும் கெட்டுப்போய்விட்டது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "இதுக்கு மேலுக்குச் சுகமில்ல தம்பி" என்பார். ஒரு மெஷின் மக்கர் செய்தால் நான் ஸ்க்ரூ டிரைவரோடு பாய்வேன். அவர் கையை நீட்டித் தடுப்பார். முதலில் காது. மெஷின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்று கேட்க வேண்டும். அப்புறம் மூக்கு. வயர் கருகுகிறதா, வார்னிஷ் உருகுகிறதா என்று மோந்து பார்க்க வேண்டும். அப்புறம் புறங்கை. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி பலகையின் நாலு பக்கமும் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். இதெல்லாம் ஆன பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வாடிக்கைக்காரன் காசைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருப்பான், இவர் மெஷினோடு ரகசியம் பேசிக்கொண்டிருப்பார். போகப் போக நானும் அப்படியே ஆகிவிட்டேன்.

எங்கள் மெஷின்களுக்கு வந்த சீக்கு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். உப்புக்காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். வெளியூரிலிருந்து பளபளவென்று வந்து இறங்குகிற மெஷின், ஒரு மழைக்காலம் கழிந்ததும் உள்ளே போர்டெல்லாம் பச்சைப் பூத்துக் கிடக்கும். தொட்டால் ஈயம் உதிரும். நான் சுரண்டிச் சுரண்டி ஒட்ட வைப்பேன், மறுபடி பூக்கும். என் வேலை வாழ்க்கையில் எனக்குப் பரம எதிரி என்று ஒருவர் உண்டென்றால் அது அந்தக் காற்றுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் புத்தி எங்கே கெட்டது என்று அப்போதுதான் புரியும்.

கொரோனாவுக்குப் பிறகு கடையைத் திறந்தால் ஈ ஓட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் எல்லாம் போனில் ஆடிப் பழகிவிட்டார்கள். ஒரு மத்தியானம் காக்கா டீயைக் குடித்துக்கொண்டே, "போன்ல கெடைக்காத ஒண்ணு நம்ம கடைல இருக்கணும் தம்பி. நாமளே செய்வோம்" என்றார். என்ன செய்வது என்றேன். "கயிறு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நான் கடலை விட்டுத் தள்ளிப் பிறந்த ஆள், கடல் சங்கதி அவ்வளவாகத் தெரியாது. காக்கா விளக்கினார். தெரேசபுரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்னே முத்துக் குளித்தவர்களின் வம்சம்தான். இப்போது காற்றுக் குழாய், கண்ணாடி எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் இடுப்பில் ஒரு கயிறு கட்டாமல் இறங்குவதில்லை. அந்தக் கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் இருந்து பிடிக்கிறவன் குளியாளின் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். அண்ணன் தம்பியை நம்ப மாட்டார்கள். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை மச்சானுக்குத்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு. "கீழ இருக்கவன் கயித்தச் சுண்டுவான், மேல இருக்கவன் தூக்கணும். போன்ல வருமா இது?" என்றார் காக்கா. வராதுதான்.

அந்தப் பெட்டியை நான் எப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் திரை, ஜாய்ஸ்டிக், ஒரு சிவப்புப் பட்டன். அங்கே உட்காருகிறவர் குளியாள். பின்பக்கம் இன்னொருவர் நிற்க வேண்டும். அவருக்குத் திரை தெரியாது. அவர் இடுப்பு உயரத்தில் வள்ளத்தின் விளிம்பு போல வளைவாக ஒரு பலகை, அதில் ஒரு துளை, துளை வழியாகப் பெட்டிக்குள் இறங்கும் நைலான் கயிறு. கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க உள்ளே ஒரு எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். குளியாள் பட்டனை அழுத்தினால் ரிலே என்கிற மின் சுவிட்ச் தட்டும், கார் வைப்பர் மோட்டார் ஒரு உருளையைத் திருப்பும், கயிறு சுண்டும். பின்னால் நிற்பவர் உடனே இழுக்க வேண்டும். அசந்துவிட்டால் குளியாளுக்கு மூச்சு முட்டித் திரை கருத்துப் போகும்.

பெட்டிக்கு மரவேலை செய்யக் காக்கா கூட்டி வந்தது ஒரு ஓடாவியை. ஓடாவி என்றால் தோணி கட்டுகிற தச்சர். அந்தோணி ஓடாவி என்று பெயர். வாய் நிறைய வெற்றிலை, பேச்சு நிறைய நக்கல். அவரிடம் நான்தான் சொன்னேன்: "ஓடாவியாரே, ஒரு பொட்டு உப்புக்காத்து உள்ள போகக் கூடாது."

"காத்து என்ன மெக்கானிக்கு, கடலே உள்ள போகாது" என்றார் அவர்.

சொன்னபடியே செய்தார். தோணியில் பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைப்பார்கள், கலப்பத்து என்று பெயர். என் கேம் பெட்டிக்கு மூலை முடுக்கு ஒன்று விடாமல் கலப்பத்து அடித்தார் அந்த மனுஷன். கயிறு போகிற துளைக்குக்கூட ரப்பர் வாசர் போட்டு இறுக்கினார். முடித்துவிட்டுப் பெட்டியைத் தட்டி, "தண்ணில தள்ளுனாலும் மெதக்கும் பாத்துக்கோ" என்றார். நான் பூரித்துப் போனேன். இத்தனை வருடம் என்னைப் படுத்தி எடுத்த காற்றுக்கு இனி இடமில்லை என்று அன்றைக்கு வீட்டில் கோழிக் குழம்பு வைக்கச் சொன்னேன். பெட்டிக்கு மூச்சு விடவும் காற்று வேண்டும் என்று வெற்றிலை போட்ட அவருக்கும் தோன்றவில்லை, படித்த எனக்கும் தோன்றவில்லை. காற்றைப் பகையாளியாகவே பார்த்துப் பழகிய ஊரில் இரண்டு பேரும் பிழைத்தவர்கள்.

பெட்டி பிய்த்துக்கொண்டு போனது. காலேஜ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வந்தார்கள். "ஏலே இழுலே, சாகப் போறேன்லே" என்று முன்பக்கத்திலிருந்து ஒருவன் கத்துவான், பின்பக்கத்தில் நிற்பவன் வேண்டுமென்றே இழுக்காமல் சிரிப்பான். வெகுநாளைக்குப் பிறகு கடையில் கூச்சல் கேட்டது. காக்கா முகத்தில் வெளிச்சம் வந்தது.

அப்புறம்தான் அந்த வாசனை வர ஆரம்பித்தது. காலையில் இருக்காது. மத்தியானம் சாய்ந்ததும் கடைக்குள் லேசாகக் குங்கிலியப் புகை வாடை பரவும். புகை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சாவு வீட்டில் அடிக்குமே, அந்த வாடை. சத்தம் போட்டு ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் அந்த நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு நாள் ஒரு ஜோடி ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற பெண் கயிற்றைப் போட்டுவிட்டுத் துள்ளி விலகினாள். "நீ பட்டன அமுக்குனியாடா?" என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்தவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான், ஒன்றில் டீ கிளாஸ், ஒன்றில் வடை. "அப்ப யாரு இழுத்தா?" என்றவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

நான் கயிற்றைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இழுத்தது. நீளமாக ஒரு இழுப்பு. விட்டு, சின்னதாக இரண்டு. திரையில் யாரும் ஆடவில்லை. நான் எழுதிய புரோகிராமில் அப்படி ஒரு இழுப்பே கிடையாது, ஒரே மாதிரி ஒரு சுண்டு மட்டும்தான். என் கை மயிர் எல்லாம் குத்திட்டு நின்றது. கருமம், மெக்கானிக்குக்கு என்ன பயம் என்று என்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். குற்றம் எதுவும் இல்லை. காலையில் கயிறும் சாதுவாக இருந்தது. மத்தியானம் மறுபடி நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு.

விஷயம் தெரேசபுரம் வரைக்கும் போய்விட்டது போல. ஒரு சாயங்காலம் ஒருவர் வந்தார். நாற்பது தாண்டிய ஆள், உப்பில் வெளுத்த சட்டை, கழுத்தில் சின்னக் குருசு. யாரையும் பார்க்காமல் நேரே பெட்டியின் பின்பக்கம் போய்க் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிடித்த விதத்திலேயே தெரிந்தது, இது விளையாட்டுக்கு வந்த கை இல்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். கயிறு இழுத்தது. நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"லூர்துதான்" என்றார். "லூர்து இழுக்கான்."

அவர் பெயர் சவேரி. லூர்து அவருடைய தங்கை ரோஸ்லினின் புருஷன், சங்கு குளிப்பவன். சில மாதத்துக்கு முன் லூர்து இறங்க, சவேரி கயிறு பிடித்திருக்கிறார். நேரமாகிவிட்டதே என்று தூக்கினால் கயிறு மட்டும் வந்திருக்கிறது. அறுபடவில்லை. முடிச்சு அவிழ்ந்திருந்தது. உடல் கிடைக்கவே இல்லை. இதையெல்லாம் அவர் கயிற்றை விடாமலே என்னிடம் சொன்னார், பஸ் வரக் காத்திருக்கிற ஆள் பேசுகிற மாதிரி, நிதானமாக.

"எங்க வழக்கத்துல ஒவ்வொரு சோடிக்கும் தனித்தனி இழுப்பு உண்டு அண்ணாச்சி. கல்யாணம் முடிஞ்சதும் மாப்பிள்ளையும் மச்சானும் வள்ளத்துல போயி, ரெண்டு பேருக்குள்ள பேசி வச்சுக்கிடுவோம். வேற யாருக்கும் சொல்லக் கூடாது. பொண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது. நீளமா ஒண்ணு, குட்டையா ரெண்டுன்னா, தூக்கு மச்சான்னு அர்த்தம். அது எங்க ரெண்டு பேரு இழுப்பு."

வேறு இழுப்பும் உண்டா என்று எதையோ கேட்டு வைத்தேன்.

"உண்டு. ஒத்த இழுப்பு. நீளமா ஒண்ணே ஒண்ணு. பாறையில கயிறு சிக்கிச்சுன்னா குடுக்கது. என்னைய விட்டுரு, நான் அவுத்துக்கிட்டேன்னு அர்த்தம். அன்னைக்கு அது வரல அண்ணாச்சி. சொல்லாம அவுத்துட்டுப் போறவன் இல்ல அவன். விடுன்னு அவன் சொல்லல, நான் விடவும் இல்ல. அப்ப இன்னும் எங்கையிலதான இருக்கான்?"

கடை அடைக்கிற நேரம் வரை அவரைக் கயிற்றோடு விட்டுவிட்டேன்.

அதிலிருந்து சவேரி தினமும் வந்தார். மத்தியானம் வருவார், கடை அடைக்கிற வரைக்கும் கயிற்றோடு நிற்பார். இழுப்பு வரும்போதெல்லாம் பதிலுக்குத் தூக்குவார். கயிறு ஒரு முழம் வரும், எடைக்கல் தட்டி நின்றுவிடும். மறுபடி தளர்த்துவார். மற்றப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகாமல் விலகிக்கொண்டார்கள். காக்கா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ வரும்போது அவருக்கும் ஒரு கிளாஸ் வாங்கி விளிம்புப் பலகையில் வைப்பார். அது ஆறிப்போய் அப்படியே இருக்கும்.

ஒரு நாள் காலையில் நான் கடையைத் திறக்கும்போது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். "கயித்துப் பெட்டி செஞ்ச அண்ணாச்சி நீங்கதானா?" என்றார். ரோஸ்லின். லூர்துவின் மனைவி.

"அந்தப் பெட்டிய நிப்பாட்டிருங்க. ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன். கோயில்ல சாமியார் எறந்தவுக பூசை வைக்கத் தயாரா இருக்காரு. எங்கண்ணன் விட மாட்டேங்காரு. உசுரோட இருக்கவனுக்குப் பூசை வைக்கியாளான்னு கேக்காரு. தெனமும் எம் புருஷனுக்கு ஒரு தட்டுல சோறு போட்டு வைக்கச் சொல்லுதாரு. வைக்கேன்."

பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினார். கண் இரண்டும் சிவந்து வறண்டு கிடந்தன.

"நான் அழுதா எங்கண்ணன் கடலுக்கு ஓடுதாரு அண்ணாச்சி. நீ அழுதா அவன் செத்துருவான், நான் போயி கூட்டிட்டு வாரேன்னு ஓடுதாரு. ஒரு மட்டம் அழுதேன். கழுத்தளவு தண்ணிலருந்து நாலு பேரு இழுத்துட்டு வந்தாவ. அன்னையிலருந்து நான் அழல. புருஷன் போயிட்டாரு, எனக்கு அழ வழியில்ல. இவரும் போயிட்டாருன்னா எனக்கு யாரு இருக்கா?"

நான் செய்த பெட்டி. நான் பூரித்துப் போய்க் கோழிக் குழம்பு சாப்பிட்ட பெட்டி.

ரோஸ்லின் போனதும் காக்காவிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் காக்காவின் முறைப்படி பெட்டியைப் பார்த்தோம். இந்த முறையை எனக்குப் பழக்கிவிட்டவரே இத்தனை நாளாகப் பெட்டியில் காதை வைக்கவில்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார் என்று நினைக்கிறேன். மத்தியானம் வரை ஓடவிட்டோம். காதை வைத்தால் உள்ளே ரிலே கிர்ரென்று துடிக்கிற சத்தம். மூக்குக்குக் குங்கிலியம். புறங்கையை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன், பலகை அப்படிக் கொதித்தது. எனக்கு விளங்கிவிட்டது. வெளிக்காற்று போகாத பெட்டியில் சூடு வெளியே வரவும் வழியில்லை. சூட்டில் இடுக்கிலிருக்கிற குங்கிலியம் இளகுகிறது, அதுதான் வாடை. ரிலேக்குள் இருக்கிற தகடு சூட்டில் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. பிய்ந்து வரும் வரைக்கும் நீளமான இழுப்பு. பிய்ந்ததும் இரண்டு தடவை துடிக்கிறது, அது குட்டை இழுப்பு.

பையன்களுக்குத் தேவையான பாடம் இவ்வளவுதான். பெட்டியை அடைக்காதீர்கள். போர்டுக்குத்தான் வார்னிஷ் பூச வேண்டும், பெட்டிக்கு இல்லை. அடியில் துளை போடுங்கள், மேலே ஒரு ஃபேன் வையுங்கள், காற்று கீழே நுழைந்து மேலே போகட்டும். என் இரண்டாவது பெட்டி அப்படித்தான் செய்தது, இன்றைக்கும் ஓடுகிறது.

"நாலு தொளையப் போட்டா இன்னைக்கே சரியாப் போகும் காக்கா" என்றேன்.

காக்கா தலையை ஆட்டினார். "சத்தங்காட்டாம சுகப்படுத்திட்டோம்னா, அந்த மனுஷன் கையிலயே லூர்து மவுத்தாயிருவான் தம்பி. ரெண்டாவது சாவு. அப்புறம் அவரக் கடல்லருந்து யாரு இழுப்பா? அவரு கண்ணு முன்னால திறந்து காட்டுவோம்."

வெள்ளிக்கிழமை காலையில் கடை கிடையாது, காக்கா ஜும்மா தொழுதுவிட்டு வந்துதான் திறப்பார். அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததுமே பெட்டியைப் போட்டுச் சூடாக விட்டேன். காக்கா தெரேசபுரம் போய் அண்ணன் தங்கை இரண்டு பேரையும் கூட்டி வந்தார். நல்ல வெயில். வாசல் கதவு முழுக்கத் திறந்திருந்தது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல் பளீரென்று தெரிந்தது. சவேரி வழக்கம் போலக் கயிற்றைப் பிடித்தார். ரோஸ்லின் சுவரோரம் நின்றார்.

இழுப்பு வந்தது. நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு.

நான் உளியைக் கொடுத்துப் பக்கப் பலகையை நெம்பினேன். பஞ்சு பிய்ந்துகொண்டு வந்தது. உள்ளேயிருந்து சூடும் வாடையும் முகத்தில் அடித்தன. "சவேரி, இங்க பாருங்க" என்று ரிலேயைக் காட்டினேன். சூட்டில் ஒட்டுகிறது, துடிக்கிறது என்று எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னேன். டேபிள் ஃபேனைத் திருப்பி உள்ளே காற்று விட்டேன். இழுப்பு மெலிந்து நின்றுபோனது. அவர் நம்ப வேண்டுமே என்று ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு பேனாவின் முனையால் ரிலேயை அமுக்கினேன். நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. அவர் கைக்குள் கயிறு சுண்டுவதைப் பார்த்தேன்.

சவேரி என்னைப் பார்த்தார். "அப்ப இத்தன நாளும் நீங்கதான் இழுத்தீயளா அண்ணாச்சி?"

"நான் இல்லய்யா, சூடு" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

காக்கா சுவரிலிருந்து ப்ளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது. பிடுங்கிய ப்ளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். சவேரி கயிற்றை விடவில்லை. நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன், அவர் கயிற்றைத் தன் பக்கம் ஒதுக்கினார்.

"கயித்தக் கீழ போடக் கூடாது. ஆள் கையிலதான் குடுக்கணும். நீங்க மச்சான் இல்ல."

ரோஸ்லின் சுவரை விட்டு வந்தார். "எங்கிட்ட குடு."

"பொம்பள புடிக்கக் கூடாதுளா."

"எனக்குத்தான அவரக் கெட்டிக் குடுத்த? குடு."

சவேரி கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் கயிறு பிடிக்கத் தெரியவில்லை, கிணற்று வாளிக் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார். திறந்து கிடந்த பெட்டியிலிருந்து சூடு இன்னும் வந்துகொண்டிருந்தது.

அப்போது ரோஸ்லினுடைய கைகள் துளையை நோக்கி இறங்கின. மெதுவாக, நீளமாக. முழங்கை நிமிரும் வரைக்கும் இறங்கின. பிறகு கயிறு தளர்ந்தது. நான் மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். மெக்கானிக் என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும், பக்கப் பலகை திறந்தேதான் கிடந்தது. ஆனால் நான் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடைக்கல் நழுவியிருக்கும் என்று பையன்கள் சொல்வார்கள். இருக்கலாம். காக்காவைப் பார்த்தேன். ப்ளக் அவர் கையில் இருந்தது, அவர் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

"எத்தன?" என்றார் சவேரி.

"ஒண்ணு" என்றார் ரோஸ்லின். "நீளமா ஒண்ணே ஒண்ணு. பெறவு ஒண்ணுமில்ல. அதுக்கு என்னண்ணே அர்த்தம்?"

அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் அந்த இடத்தில் இரண்டே பேர், சவேரியும் நானும். சவேரி தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"விட்டுருளா" என்றார். "விடச் சொல்லுதான்."

ரோஸ்லின் இரண்டு கையையும் விரித்தார். கயிறு துளைக்குள் சரசரவென்று இறங்கிப் போனது. கடைசி முடிச்சு பலகையில் தட்டி நின்றது. அப்புறம்தான் அவர் அழுதார். லூர்துவின் பெயரைச் சொல்லி, மார்பில் அடித்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதார். சவேரி எழுந்தார். கடலுக்குத்தான் ஓடப் போகிறார் என்று வாசல் பக்கம் பாய்ந்து போய் மறித்து நின்றேன். அவர் என் பக்கமே வரவில்லை. தங்கையிடம் போய் உட்கார்ந்து, அவர் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அழுளா, நல்லா அழு" என்று தானும் அழ ஆரம்பித்தார்.